நெம்புகோலும் நிராகரிப்புச் சீட்டும்

விதி இப்படிச் சொல்கிறது: "பொருளைப் பரிசோதிக்கும் அலுவலருக்கும் அதனை வழங்குபவருக்கும் இரத்த உறவோ மண உறவோ இருப்பின், அலுவலர் அதை எழுத்துமூலம் தெரிவித்து, அந்தப் பரிசோதனையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்."

எங்கள் துறையின் கொள்முதல் கையேட்டில் இது ஒரு சின்னப் பத்தி. புதிதாகச் சேரும் பரிசோதகர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்த காலத்தில் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிப்பேன், கமா எங்கே வருகிறது என்பது உட்பட. என் முழுப் பணிக்காலத்தில் அந்த விதி எனக்கே பொருந்திய சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று. அந்த ஒரு முறைதான் நான் அதைப் பின்பற்றவில்லை.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன், மேற்குத் தாம்பரத்தில் ஒரு சமையலறையில், மோவாயில் ஐஸ்கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே கதை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

(சென்ற வாரம் இந்தப் பகுதியில் நான் மெத்தை வாங்கிய படலத்தைப் படித்த பல்லாவரம் வாசகி ஒருவர், "உங்களோடு கடைக்கு வரும் உங்கள் மனைவிக்கு அரசு தனிப்படி வழங்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.)

காணாமல் போன குடைக்குக் கீழே

ஓய்வு பெற்ற பின் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. பல ஆண்டுகளாக நான் எதையும் நிராகரிக்கவில்லை. வாசலில் வரும் கீரைக்கட்டைத் திருப்பியனுப்பிப் பார்த்தேன். என் மனைவி எமிலி அதே கட்டைத் தெருமுனைவரை போய்க் கூப்பிட்டு வாங்கிவந்தாள். அதோடு அந்த அதிகாரமும் போயிற்று.

அப்படி இருக்கையில், எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில், ஜெபக்கூட்ட அறிவிப்புக்கும் காணாமல் போன ஒரு குடைக்கும் கீழே ஒரு படம் வந்தது. பளபளவென்று, மார்பில் மீட்டரும் பக்கத்தில் கண்ணாடிக் குழாயும் தலையில் நீண்ட கைப்பிடியுமாக ஒரு சாதனம். "பழைய இத்தாலியன் எஸ்பிரஸோ மெஷின். கையால் இழுப்பது. தேவைப்படுவோர் அணுகவும். ரோசலின் டீச்சர், மேற்குத் தாம்பரம்."

எமிலியிடம் காட்டினேன்.

"கல்யாண வீட்ல உஸ்ஸுனு சத்தம் போட்டு நுரையா குடுப்பானே, மேல சாக்லேட் பொடி தூவி, அதா?"

"அது வேற. இது ஒரிஜினல். பாய்லர் இருக்கு, பிரஷர் கேஜ் இருக்கு, சேஃப்டி வால்வு இருக்கு."

எமிலி என்னை ஒரு முறை பார்த்தாள். "உங்களுக்கு காப்பி வேணுமா, இல்ல இன்ஸ்பெக்ஷன் வேணுமா?"

இருபத்திரண்டு இனங்கள் கொண்ட பரிசோதனைப் படிவம் ஒன்றை அன்று மாலையே தயாரித்துவிட்டேன்.

இனம் ஒன்று: இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும்

சூடான இயந்திரம் பொய் சொல்லும். எதை விற்பவரும் நாம் போவதற்கு முன்பே அதை ஓடவிட்டு வைப்பார். தொடக்கத்தில் வரும் முனகலும் கசிவும் நமக்குத் தெரியாமல் போகும். ஆகவே ரோசலின் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வணக்கம் சொல்லும் முன் பாய்லரைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

"சூடா இருக்கு, டீச்சர்."

"நீங்க வர்றீங்கன்னுதான் சார் ஏழு மணிக்கே போட்டு வெச்சேன். இதோ, ஒரு நிமிஷத்துல காப்பி."

"ஆற வைக்கணும்."

"காப்பியையா?"

"மெஷினை."

டீச்சர் எழுபதைக் கடந்தவர், கணிதம் எடுத்தவர். இரண்டு தலைமுறை மாணவர்களைப் பார்த்த அதே பார்வையை என்மேல் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு சுவிட்சை அணைத்தார். "எனக்கு கண் ஆபரேஷன் பண்ணப்ப கூட டாக்டர் இவ்ளோ யோசிக்கல. உக்காருங்க."

ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். மேலே விமானங்கள் தாழப் பறந்து போயின. அந்த ஒரு மணி நேரத்தில் எமிலியும் டீச்சரும் தங்கள் இருவருக்கும் பொதுவான பதினோரு பேரைக் கண்டுபிடித்தார்கள். அதில் நால்வரின் சர்க்கரை அளவுவரை பேசி முடித்தார்கள். டீச்சரின் கணவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர் என்பதும், ஏதோ ஓர் இத்தாலியத் துறைமுகத்தில் இந்த மெஷினை வாங்கி, துணிமூட்டைக்குள் வைத்து அறைத்தோழனைப்போலக் கூட்டிவந்தார் என்பதும் தெரிந்தன. அவர் இறந்த பின்னும் டீச்சர் தினமும் இழுத்துக் குடித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டுவிட்டது. கைப்பிடியை இழுக்க முடியவில்லை.

"இடது கையால இழுத்துப் பாத்தேன். அது இவருக்குப் பிடிக்கல" என்று மெஷினைக் காட்டினார்.

இனம் பதினாறு

ஆறியது. தொடங்கினேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் வெள்ளை உப்பு மெல்லிய சட்டைபோலப் படிந்திருந்தது, ஆனால் உரிக்கக் கூடியதுதான். கண்ணாடிக் குழாயில் விரிசல் இல்லை. மின்கசிவு இல்லை. அடியில் இருந்த தகட்டில் இத்தாலிய மொழியில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படிவத்தில் பெயர்த்தேன். சூடேறியது. மீட்டரின் முள் எழுந்தது. சேஃப்டி வால்வு உரிய நேரத்தில் சீறியது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு நிறைவு பரவியதை மறைக்க விரும்பவில்லை.

பதினாறாவது இனம்: சுமையில்லாத ஓட்டம். எந்த இயந்திரத்தையும் முதலில் சுமை இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். பம்பு, மோட்டார், பளுதூக்கி, எல்லாவற்றுக்கும் அதுதான் முறை. ஆகவே காப்பித்தூள் போடாமல், காலியாக, கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

இந்த வகை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் சுருங்கும். கையை விட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் வெந்நீரைக் காப்பித்தூள் வழியாக அழுத்தும். தூள் எதிர்த்து நிற்பதால் கைப்பிடி மெதுவாக, மரியாதையாக மேலே வரும். தூள் இல்லாவிட்டால் எதிர்ப்பவர் யாரும் இல்லை.

"சார், தூள் போடாம..." என்று டீச்சர் தொடங்கினார்.

நான் மீட்டரைப் படிக்கக் குனிந்தேன். கையை விட்டேன்.

அடுத்து எனக்குத் தெளிவாக நினைவிருப்பது, டீச்சர் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்ததும், எமிலி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கிக்கொண்டிருந்ததும்தான். அவள் அழுவதாக முதலில் நினைத்தேன்.

"பல்லு இருக்கா பாருங்க" என்றாள், திரும்பாமலே.

"இருக்கு."

"எண்ணிப் பாத்துட்டு படிவத்துல எழுதுங்க."

அதன் பிறகு டீச்சர் முறைப்படி தூள் போட்டு, எமிலியை இழுக்கச் சொன்னார். கைப்பிடி மெதுவாக ஏறியது. மைப்புட்டி மூடி அளவுக்கு ஒரு கோப்பை, அதில் கறுப்பாக, மேலே செம்பழுப்பு நுரையோடு ஏதோ விழுந்தது. சமையலறை முழுவதும் கருகலும் இனிப்புமாக ஒரு வாசனை. எமிலி ஒரு வாய் குடித்து, "இது மருந்தா காப்பியா?" என்று கேட்டாள். பிறகு மீதியையும் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அதுதான் உண்மையான பரிசோதனை முடிவு.

பதினேழு முதல் இருபத்திரண்டு வரையிலான இனங்களில் டிக் இருக்கிறது. அவற்றை நான் போட்டதாக நினைவில்லை. அந்த டிக்குகள் வால் நீண்டவை. மளிகைப் பட்டியலில் எமிலி போடுபவைபோல இருக்கின்றன. பதினெட்டாவது இனம்: "பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தல்."

தலைமுடி அளவு

செம்பாக்கத்தில் எங்கள் சமையலறை மேடைக்கு மெஷின் வந்து சேர்ந்த எட்டாம் நாள், கைப்பிடியின் அடியிலிருந்து வெந்நீர் கசிந்தது. கழற்றினேன். பிஸ்டனில் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு தேய்ந்து, ஓரிடத்தில் உடைந்தும் இருந்தது. ரப்பரை மாற்றிப் பயனில்லை. பிஸ்டனையே புதிதாகக் கடைய வேண்டும்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். உரிமையாளர் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? எந்த வண்டியோடது?"

"காப்பி மெஷினோடது."

"காப்பிக்கு பிஸ்டனா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார், யாராவது சிரிப்பார்கள் என்று. "ஒத்த பீஸுக்கு மிஷின நிறுத்த முடியாது சார், பேஜாரு. நீ ஒண்ணு செய். திருமுடிவாக்கத்துல சாமுவேல் சார்னு ஒர்த்தர் கீறாரு. அவராண்ட குடு. தலமுடி அளவு கூட தப்பு வராது அவர் கையில."

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா அவர?"

"தம்பி."

அவர் என்னையும் பிஸ்டனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இங்க இன்னாத்துக்கு சார் வந்துகினு?"

நியாயமான கேள்வி. இனி அந்தப் பழைய கதையைத் தள்ளிப்போட முடியாது.

நான்கு பேர் நின்றிருந்த அறை

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓய்வுக்குச் சற்று முன்னால், என் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. கிணற்றுப் பம்புகளுக்கான பித்தளைப் புஷ். சின்னச் சின்ன வளையங்கள். வழங்கியவர் என் தம்பி சாமுவேல். அப்போது அவன் தொழிற்பேட்டையில் இரண்டே இரண்டு லேத்துகளோடு தொடங்கியிருந்தான்.

விதிப்படி நான் "இவர் என் தம்பி" என்று ஒரு வரி எழுதி, பக்கத்து மேசைக்குத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. விலகிப்போனால் பயந்து விலகினேன் என்பார்கள். நானே பார்த்து, தம்பி என்றும் பார்க்காமல் அளந்தேன் என்று பெயர் வர வேண்டும். நேர்மையாக இருப்பது எனக்குப் போதவில்லை. நாலு பேர் பார்க்க இருக்க வேண்டியிருந்தது.

நாலு பேர் பார்த்தார்கள். அறையில் சரியாக நான்கு பேர்தான் நின்றிருந்தார்கள்.

புஷ்ஷின் துளையை அளக்க ஓர் எஃகுத் தண்டு உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. மாதிரிக்கு எடுத்தவற்றில் ஒன்று தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு தவறினால் பெட்டி முழுவதும் திரும்பிவிடும். ஒன்று தெளிவாகத் தவறியது. இன்னொன்றில், போகக் கூடாத முனை துளையின் வாசல்வரை போய் நின்றது. நுழைந்ததா, நுழையவில்லையா? வேறு யாருடைய பெட்டியாக இருந்தாலும் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்திருப்பேன். அன்று துடைக்கவில்லை. சிவப்புச் சீட்டை எடுத்து "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அழகான கையெழுத்து.

சாமுவேல் அன்று மாலை வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணா, வேற யாராவது பாத்திருந்தா பாஸ் ஆயிருக்குமா?"

"ஆயிருக்கலாம்."

"அப்ப நீ ஏன் பாத்த?"

கையேட்டிலேயே பதில் இருந்த கேள்வி. அவன் போய்விட்டான்.

அதோடு அவன் அரசாங்கத்துக்குப் பொருள் கொடுப்பதையே விட்டுவிட்டான். மறைமலை நகர்த் தொழிற்சாலைகளுக்குக் கார் பாகங்கள் செய்யத் தொடங்கி, இன்று கம்ப்யூட்டர் வைத்த மெஷின்களோடு பெரிய கூடமே நடத்துகிறான். "உங்க சீட்டாலதான் மனுஷன் முன்னேறினாரு" என்று எமிலி அவ்வப்போது எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு. ஆனால் அன்று முதல் அவன் என்னோடு பேசவில்லை. கல்யாணங்களில் அவன் இடப்பக்கம் உட்கார்ந்தால் நான் வலப்பக்கம். கிறிஸ்துமஸ் கேக் மட்டும் இரு வீட்டுக்கும் தவறாமல் போய்வருகிறது. எமிலியும் அவன் மனைவி ஷீலாவும் தினமும் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். கணவர்கள் மட்டும் அஞ்சலில் தொலைந்த கடிதங்கள்.

பொருள், பார்வை

"ஃபோன் பண்ணுங்க" என்றாள் எமிலி.

"எழுதறேன்."

"அரை மணி நேரத்துல போற எடத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டா?"

"எழுத்துல இருந்தாதான் அது ரெக்கார்டு."

பிஸ்டனின் படத்தை அளவுகளோடு வரைந்தேன். கடிதத்தின் தலைப்பில், "பொருள்: பித்தளை பிஸ்டன், எண்ணிக்கை ஒன்று. பார்வை: என் பழைய நிராகரிப்புச் சீட்டு" என்று எழுதினேன். முதல் பத்தி மெஷினைப் பற்றி. இரண்டாம் பத்தி அளவுகளைப் பற்றி. மூன்றாம் பத்தியை ஐந்து முறை கிழித்து எழுதினேன். கடைசியில் நின்றது இது: "பார்வையில் கண்ட பரிசோதனையிலிருந்து நான் விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. இரண்டாவது புஷ்ஷைத் துடைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பிழை பரிசோதகருடையது."

எமிலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"இதுல 'மன்னிச்சுக்கோ'ன்னு எங்க இருக்கு?"

"மூணாவது பத்தி முழுக்க அதுதான்."

"எனக்குத் தெரியல."

"அவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி" என்று மடித்துக் கொடுத்தாள். பழைய பிஸ்டனையும் சேர்த்து அனுப்பினேன்.

பதில் வரவில்லை. பதினைந்து நாள் கழித்து முதல் நினைவூட்டு அனுப்புவது முறை. எழுதினேன். எமிலி அதை வாங்கி, மாவுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். "அவரு என்ன உங்க சப்-ஆபீஸா?" முப்பதாம் நாள் இரண்டாம் நினைவூட்டு. அதுவும் மாவுக்கு அடியில் போயிற்று. மெஷின் மேடைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, தீர்ப்பு வராத வழக்குபோல நின்றது. நாங்கள் வழக்கம்போல ஃபில்டர் காப்பி குடித்தோம்.

அவளிடம் தூது போகச் சொல்லிப் பார்த்தேன். "நான் தபால்காரி இல்ல" என்றாள். ஆனால் ஒரு நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "ஷீலா சொன்னா. மதியம் டப்பாவக் கூடத் தொறக்காம அந்தப் பிஸ்டன கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருக்காராம்."

"அளந்தானாமா?"

"அத மட்டும் கேப்பீங்க நீங்க."

நான் கேட்க நினைத்தது அதை அல்ல. ஆனால் அதற்குரிய படிவம் என்னிடம் இல்லை. அன்று இரவு உணவில் உப்பு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. இரண்டு வாரங்களில் மூன்றாம் முறையாகத் தெருவில் கூரியர் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினேன். பிஸ்டன் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அந்த மூன்றாம் பத்திக்கு ஒரு பதில் வந்தால் போதும்.

உள்வரவு

வந்தது ஓர் உறை. வாங்கும்போதே தெரிந்தது, எடையே இல்லை. பிஸ்டன் இல்லை. ஆட்டிப் பார்த்தேன். வேலையை ஏற்க மறுத்துவிட்டான் என்று முடிவு செய்துகொண்டு, நின்றபடியே பிரித்தேன்.

உள்ளே ஒரே ஒரு காகிதம். சிவப்பாக இருந்து வெளிறிப்போனது. மடித்த இடங்களில் வெள்ளைக் கோடு விழுந்தது. முன்பக்கம் "நிராகரிக்கப்பட்டது", கீழே என் அழகான கையெழுத்து. இத்தனை ஆண்டுகள் அவன் அதை வைத்திருந்திருக்கிறான்.

பின்பக்கத்தைத் திருப்பினேன். பால்பாயிண்டில், சின்ன வயதிலிருந்தே வலப்பக்கம் சாய்ந்து ஓடும் அவன் எழுத்து:

"தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றாம் பத்தி ஏற்றுக்கொள்ளப்பட்டது. மற்ற இரண்டு பத்திகளும் நிராகரிக்கப்படுகின்றன. காரணம்: வரைபடத்தில் பள்ளத்தின் ஆழம் தப்பு, அண்ணா. நீ சொன்னபடி செய்திருந்தால் கசிந்திருக்கும். சரியான அளவில் செய்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப முடியாது. மெஷினைத் தூக்கிக்கொண்டு நேரில் வரவும். காப்பித்தூளும் கொண்டுவரவும். குறிப்பு: பரிசோதிப்பவர் உறவினர் என்பதால், விதிப்படி நீ விலகிக்கொள்ள வேண்டும். அண்ணி அளப்பார்கள்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை எழுத்து சரியாகத் தெரியவில்லை. எமிலி என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள்.

"அண்ணியும் உறவுதான? மண உறவு" என்றேன். "விதிப்படி இதுவும் செல்லாது."

"நீங்க விலகிட்டீங்கள்ல? வாய மூடிக்கிட்டு மெஷின்ல ஒரு பக்கம் பிடிங்க" என்றாள். துண்டை உருவி எடுத்திருந்தாள்.

வீட்டில் உள்வரவுப் பதிவேடு கிடையாது. மெஷினைத் தூக்குவதற்கு முன், அரிசிக்கடைக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள், இடம் போதாமல் பக்கத்துக் கட்டத்துக்கும் இடித்துக்கொண்டு, எழுதி வைத்தேன்: பதில் வரப்பெற்றது, ஆகஸ்ட் மாதம், இரண்டாவது வியாழக்கிழமை, முற்பகல்.